நிரல் மேசை: இன்டர்ப்ரெட்டருக்குள் நம் சி மாட்யூல்

சின்ன மைக்ரோகன்ட்ரோலரில் ஓடும் இன்டர்ப்ரெட்டருக்கு (ஸ்கிரிப்டைப் படித்து ஓட்டும் நிரலுக்கு) நாமே சி மொழியில் மாட்யூல் எழுதிச் சேர்ப்பது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் கணிசமானவை ‘கம்பைல் ஆகவில்லை, உதவுங்கள்’ என்ற ஒரே வரி. பிழைச் செய்தி முழுவதையும் அனுப்பினால் பார்க்கலாம். ஜோசியம் எனக்குத் தெரியாது. மீதியில் பெரும்பாலானவை சின்னச் சாதனங்களுக்கான பைத்தானான மைக்ரோபைத்தான் பற்றி, கொஞ்சம் லுவா என்ற சின்ன ஸ்கிரிப்ட் மொழி பற்றி.

கேள்வி: சென்சாரிலிருந்து வரும் துடிப்புகளை அளக்க சி-யில் ஒரு நிரல் வைத்திருக்கிறேன். நன்றாக ஓடுகிறது. அதை மைக்ரோபைத்தானிலிருந்து கூப்பிட வேண்டும். எங்கே ஆரம்பிப்பது?

சி கோப்பை மூடிவிட்டு ஆரம்பியுங்கள். ஒரு பைத்தான் கோப்பைத் திறந்து, உங்கள் மாட்யூல் ஏற்கெனவே இருப்பதாகவே நினைத்துக்கொண்டு, அதைப் பயன்படுத்தும் பத்துப் பதினைந்து வரி எழுதிப் பாருங்கள். அளவு மைக்ரோசெகண்டிலா மில்லிசெகண்டிலா, துடிப்பே வராவிட்டால் பிழை எழுப்புவதா சும்மா திரும்புவதா, இரண்டு பின்களில் ஒரே நேரத்தில் அளக்க விடுவதா என்ற கேள்விகள் எல்லாம் அங்கேயே தலைகாட்டும். சி எழுதி முடித்த பிறகு இவற்றை யோசித்தால், சி-க்கு எது சுலபமோ அதுதான் பயனரின் தலையில் விழும்.

அடுத்து, சி தேவைதானா என்று கேளுங்கள். மைக்ரோபைத்தானில் ஒரு ஃபங்ஷனுக்கு மேலே ‘நேட்டிவ்’ அல்லது ‘வைப்பர்’ டெக்கரேட்டர் போட்டாலே அது மெஷின் கோடாக மாறிவிடும். கணக்குச் சுற்று மெதுவாக ஓடுவது மட்டும்தான் குறை என்றால் பல நேரம் அதுவே போதும். உங்களிடம் சோதித்துப் பார்த்த சி நிரல் இருக்கிறது, இன்டரப்டும் (வன்பொருள் குறுக்கிட்டு உடனே ஓடவைக்கும் ஃபங்ஷன்) வேண்டும். சரி, சி-தான்.

அதை இரண்டு கோப்பாகப் பிரியுங்கள். ஒன்றில் அளக்கும் வேலை மட்டும். அதில் மைக்ரோபைத்தானின் ஹெடர் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இன்னொன்று ஒட்டுப்பகுதி: பைத்தான் மதிப்பை சி மதிப்பாக மாற்றி, முதல் கோப்பைக் கூப்பிட்டு, வந்த விடையைத் திரும்ப மாற்றித் தருவது மட்டுமே அதன் வேலை. முதல் கோப்பைக் கணினியிலேயே சோதிக்கலாம். நாளைக்கு லுவாவுக்கு மாறினாலும் அதைத் தொடவே வேண்டாம்.

பில்டுக்கு, அதாவது எல்லாவற்றையும் கம்பைல் செய்து சாதனத்தில் ஏற்றும் ஃபர்ம்வேராக்குவதற்கு, வருவோம். மாட்யூலுக்கென்று தனி ஃபோல்டர் வையுங்கள். மேக் என்ற பில்டு கருவியைப் பயன்படுத்தும் போர்ட்டுகளுக்கு (அந்தந்தச் சாதன வகைக்கான மைக்ரோபைத்தான் வடிவங்களுக்கு) அதில் ‘மைக்ரோபைத்தான்.எம்கே’ என்ற கோப்பு வேண்டும். சிமேக் பயன்படுத்தும் போர்ட்டுகளுக்கு (இஎஸ்பி32, ஆர்பி2) ‘மைக்ரோபைத்தான்.சிமேக்’. பில்டு செய்யும்போது ‘யூசர்_சி_மாட்யூல்ஸ்’ என்ற மாறியில் பாதையைத் தருகிறோம். இங்கே ஒரு குழி இருக்கிறது: மேக் போர்ட்டில் அந்தப் பாதை மாட்யூல் ஃபோல்டர்களை வைத்திருக்கும் மேல் ஃபோல்டரைக் காட்ட வேண்டும், சிமேக் போர்ட்டில் நேராக அந்த சிமேக் கோப்பையே காட்ட வேண்டும். ஒன்றுக்குச் சொன்னதை மற்றதில் போட்டால் வேலை செய்யாது. சார்புப் பாதையும் வேண்டாம், முழுப் பாதையே கொடுங்கள்.

ஒட்டுப்பகுதியில் மேக்ரோக்கள்தான் அதிகம். ஒவ்வொரு சி ஃபங்ஷனையும் அது எடுக்கும் ஆர்க்யுமென்ட்டுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற மேக்ரோவால் சுற்ற வேண்டும். 0 முதல் 3 வரை தனித்தனியாக இருக்கின்றன, எண்ணிக்கை மாறுபடுவதற்கும் பெயர் சொல்லித் தருவதற்கும் வேறு சில. பிறகு பெயர்களையும் ஃபங்ஷன்களையும் ஒரு அட்டவணையில் அடுக்கி, ‘எம்பி_ரெஜிஸ்டர்_மாட்யூல்’ மூலம் பதிவு செய்தால் முடிந்தது. பெயர்களுக்கு முன்னால் ‘எம்பி_க்யூஸ்டர்’ என்ற ஒட்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். பில்டு நேரத்தில் ஒரு ஸ்கிரிப்ட் உங்கள் சி கோப்புகளைத் துழாவி, அந்த ஒட்டு உள்ள பெயர்களை எல்லாம் எண்ணிட்ட பட்டியலாக்குகிறது. அப்படி ஒரு பெயர் அறிவிக்கப்படவில்லை என்று கம்பைலர் கத்தினால், உங்கள் கோப்பு துழாவும் பட்டியலில் சேரவில்லை என்று அர்த்தம். மேக் கோப்பில் ‘எஸ்ஆர்சி_யூசர்மாட்_சி’ என்ற மாறியில் போட்டவை துழாவப்படும். ‘எஸ்ஆர்சி_யூசர்மாட்_லிப்_சி’ என்பதில் போட்டவை கம்பைல் மட்டும் ஆகும். ஒட்டுப்பகுதி முதலாவதில், அளக்கும் கோப்பு இரண்டாவதில்.

கேள்வி: என் மாட்யூல் சில நிமிடம் ஒழுங்காக ஓடுகிறது. பிறகு பஃபரில் உள்ள எண்கள் கண்டபடி மாறுகின்றன. கண்டுபிடிக்கலாம் என்று நடுவில் ஒரு பிரின்ட் போட்டால் சரியாகிவிடுகிறது. பேயா?

பேய் இல்லை, கார்பேஜ் கலெக்டர்: பயனில் இல்லாத மெமரியைத் தானாக மீட்கும் பகுதி. இனி ஜி.சி. என்கிறேன்.

நீங்கள் அனுப்பிய கோப்பின் தலையிலேயே ஒரு ஸ்டாட்டிக் பாயிண்டர் இருக்கிறது. தொடக்க ஃபங்ஷனில் ‘எம்_நியூ’ போட்டு மைக்ரோபைத்தான் ஹீப்பிலிருந்து (கேட்டு வாங்கும் மெமரியின் குளத்திலிருந்து) 512 பைட் வாங்கி, அதன் முகவரியை அந்தப் பாயிண்டரில் வைக்கிறீர்கள். மற்ற எல்லாம் சரி. ஆனால் அந்த 512 பைட்டை நீங்கள் வைத்திருப்பது ஜி.சி.-க்குத் தெரியாது.

அது தேடும் முறையைப் பாருங்கள். இன்டர்ப்ரெட்டரின் சொந்த நிலைக்குள் இருக்கும் ரூட் பாயிண்டர்கள், சி ஸ்டாக் (ஃபங்ஷன்களின் தற்காலிக மாறிகள் இருக்கும் இடம்), பிராசஸரின் ரிஜிஸ்டர்கள் ஆகிய மூன்றில் தொடங்குகிறது. அங்கே ஹீப் முகவரி மாதிரி தெரிவதை எல்லாம் பாயிண்டர் என்றே எடுத்துக்கொண்டு, அது காட்டும் இடத்துக்குப் போய், அங்கிருந்து மேலும் தொடர்கிறது. கடைசியில் கால் படாத இடமெல்லாம் குப்பை. உங்கள் சி கோப்பின் ஸ்டாட்டிக் மாறிகள் இருக்கும் பகுதியை அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆகவே 512 பைட் காலி என்று முடிவாகி, அடுத்து உருவாகும் ஏதோ ஒரு பட்டியலோ சரமோ அங்கே குடியேறுகிறது. நீங்களும் பழைய முகவரியில் எழுதிக்கொண்டே இருக்கிறீர்கள்.

பிரின்ட் போட்டதும் ஏன் மறைந்தது? பிரின்டும் மெமரி வாங்கும், அதனால் ஜி.சி. ஓடும் நேரம் நகர்ந்திருக்கலாம். அல்லது உங்கள் பஃபரின் முகவரி ஸ்டாக்கில் மிச்சம் கிடந்து, அந்த முறை காப்பாற்றியிருக்கலாம். எப்படி இருந்தாலும் அதிர்ஷ்டம்தான். அதை நம்பிச் சாதனத்தை வெளியே அனுப்பாதீர்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: மைக்ரோபைத்தானின் ஜி.சி., வாங்கிய இடத்தின் தலையைக் காட்டும் பாயிண்டரை மட்டுமே மதிக்கும். 32 பிட் சாதனத்தில் ஹீப் பொதுவாக 16 பைட் துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது. பஃபரின் நடுவே ‘அடுத்து எழுத வேண்டிய இடம்’ என்று ஒரு பாயிண்டரை மட்டும் வைத்துக்கொண்டு தலையை விட்டுவிட்டால், அது நல்ல இடத்தில் சேமித்த பாயிண்டராக இருந்தாலும் பயன் இல்லை. தலையை எப்போதும் பிடித்திருங்கள். எழுதும் இடத்தை எண்ணாக வையுங்கள்.

தீர்வு மூன்று வகை. ‘எம்பி_ரெஜிஸ்டர்_ரூட்_பாயிண்டர்’ மேக்ரோவால் உங்கள் பாயிண்டரையும் ரூட் பட்டியலில் சேர்க்கலாம். பஃபரை ஹீப்பிலிருந்து வாங்காமல் சி-யிலேயே நிலையான அணியாக அறிவித்துவிடலாம். அளவு மாறாது என்றால் இதைவிட எளிது வேறில்லை. நான் விரும்புவது மூன்றாவது: ஒரு ஆப்ஜெக்ட் வகையை உருவாக்கி, பஃபரின் பாயிண்டரை அந்த ஆப்ஜெக்டுக்குள் வைப்பது. ஸ்கிரிப்ட் ஆப்ஜெக்டைப் பிடித்திருக்கும், ஆப்ஜெக்ட் பஃபரைப் பிடித்திருக்கும், ஜி.சி. இரண்டையும் பார்க்கும். இதிலும் ஒரு ஓட்டை உண்டு. இன்டரப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்கிரிப்ட் அந்த ஆப்ஜெக்டைக் கைவிட்டால் மறுபடி அதே கதைதான். அதனால் இன்டரப்டை நிறுத்தும் ‘டீஇனிட்’ ஒன்று கட்டாயம் வேண்டும். பயனர் மறப்பார் என்று எண்ணி, ஆப்ஜெக்டை ஜி.சி. அகற்றும்போது ஓடும் ஃபைனலைசரும் வையுங்கள்.

சாஃப்ட் ரீசெட்டையும் கவனியுங்கள். கன்ட்ரோல்-டி அழுத்தினால் பைத்தான் ஹீப் புதிதாகத் தொடங்கும். உங்கள் சி ஸ்டாட்டிக் மாறிகள் பழைய மதிப்போடு அப்படியே இருக்கும். ‘தொடங்கிவிட்டேன்’ என்று ஒரு ஸ்டாட்டிக் கொடி வைத்திருந்தால் ரீசெட்டுக்குப் பிறகு அது பொய் சொல்லும். தொடக்க ஃபங்ஷன் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் மீண்டும் அமைக்கட்டும்.

இந்த வகைப் பிழையைப் பிடிக்க நான் செய்வது: சோதனை ஸ்கிரிப்டின் முதல் வரியில் ஜி.சி.-யின் ‘த்ரெஷோல்டு’ அளவை மிகச் சிறியதாக வைத்துவிடுவேன். கொஞ்சம் மெமரி வாங்கினாலே ஜி.சி. ஓடும். சில நிமிடம் கழித்து வரும் பிழை உடனே வந்து நிற்கும்.

கேள்வி: லுவாவிலும் இப்படித்தானா?

ஜி.சி. உண்டு, ஆனால் குணம் வேறு. லுவாவின் ஜி.சி. உங்கள் சி ஸ்டாக்கைப் பார்ப்பதே இல்லை. லுவா தன் சொந்த ஸ்டாக் ஒன்றை உங்களிடம் தருகிறது. எல்லாப் போக்குவரத்தும் அதன் வழியேதான். ஆர்க்யுமென்ட்டுகள் அதில் வரும், விடைகளை அதில் வைத்துவிட்டு எத்தனை வைத்தேன் என்ற எண்ணை மட்டும் திருப்ப வேண்டும். உங்கள் ஃபங்ஷனைக் கூப்பிடும்போது குறைந்தது 20 இடம் காலியாக இருக்கும் என்பது லுவாவின் உறுதி. சுற்றுக்குள் நிறையத் தள்ளுவதாக இருந்தால் இடம் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சறுக்கும் இடம் சரங்கள். ஸ்டாக்கிலிருந்து ஒரு சரத்தின் பாயிண்டரை வாங்கினால், அந்தச் சரம் ஸ்டாக்கில் இருக்கும் வரைதான் அந்தப் பாயிண்டருக்கு உத்தரவாதம். பிறகும் வேண்டுமென்றால் நகல் எடுங்கள், அல்லது ‘லுவாஎல்_ரெஃப்’ கொண்டு ரெஜிஸ்ட்ரி என்ற லுவாவின் உள் அட்டவணையில் பதித்துவையுங்கள். பிறகு அதை விடுவிக்கவும் மறக்கக் கூடாது.

மாட்யூல் எழுதும் காலத்தில் லுவாவை ‘லுவா_யூஸ்_ஏபிஐசெக்’ என்ற அமைப்போடு கம்பைல் செய்யுங்கள். ஸ்டாக்கைத் தவறாகக் கையாண்டால் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

கேள்வி: ஆர்க்யுமென்ட் தவறாக இருந்தால் பிழை எழுப்புகிறேன். அதற்குப் பிறகு சாதனத்தில் இன்டரப்ட் எதுவுமே வேலை செய்வதில்லை. ரீசெட் செய்தால்தான் உயிர் வருகிறது.

முதல் வரியில் இன்டரப்டை நிறுத்துகிறீர்கள், கடைசி வரியில் திறக்கிறீர்கள், நடுவில் பிழை எழுப்புகிறீர்கள். கடைசி வரி ஓடவே இல்லை.

சி-யில் எழுப்பும் பிழை ஒரு சாதாரண ‘ரிட்டர்ன்’ இல்லை. மைக்ரோபைத்தானிலும் சரி, சி-யில் கம்பைல் ஆன லுவாவிலும் சரி, அது நீண்ட தாவல்: நடுவில் இருக்கும் எல்லா ஃபங்ஷன்களையும் தாண்டி, பிழையைப் பிடிக்கக் காத்திருக்கும் இடத்தில் போய்த்தான் இறங்கும். வழியில் திறந்த கோப்பு, பிடித்த பூட்டு, ‘மேலாக்’ என்ற சி ஃபங்ஷன் கொண்டு வாங்கிய மெமரி எதுவும் தானாக விடுபடாது. சி++ எழுதுகிறவர்கள் டிஸ்ட்ரக்டர் ஓடும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

பிழை எழுப்பும் ஃபங்ஷன் எது என்று வெளியே தெரியாது என்பது இன்னும் வம்பு. ஒரு ஆப்ஜெக்டை முழு எண்ணாக மாற்றும் ஃபங்ஷன், எண் இல்லாததைக் கொடுத்தால் உள்ளேயே பிழை எழுப்பிவிடும். மெமரி வாங்கும் எதுவும் மெமரி இல்லை என்று எழுப்பலாம். ஆகவே வரிசையை மாற்றுங்கள். எல்லா ஆர்க்யுமென்ட்டுகளையும் முதலில் சரிபார்த்து சி மதிப்பாக மாற்றிவிடுங்கள், வேண்டிய மெமரியை வாங்குங்கள், அதற்குப் பிறகே வன்பொருளைத் தொடுங்கள். தொட்ட பிறகு இன்டர்ப்ரெட்டர் ஃபங்ஷன் எதையும் கூப்பிடாதீர்கள். அளக்கும் கோப்பைத் தனியாக வைக்கச் சொன்னதன் இன்னொரு லாபம் இது: அங்கே பிழை எழுப்ப வழியே இல்லை, எண்ணைத் திருப்ப மட்டும்தான் முடியும்.

கேள்வி: மைக்ரோசெகண்டு நேரத்தைத் திருப்பும் ஃபங்ஷன் எழுதினேன். இன்டரப்டில் ஓடும் பைத்தான் ஃபங்ஷனிலிருந்து அதைக் கூப்பிடுகிறேன். கால் மணி நேரத்துக்கு மேல் ஓடிய பிறகு மெமரி பிழை வருகிறது. ரேம் நிறைய மிச்சம் இருக்கிறதே?

17 நிமிடம் 54 செகண்டு என்று நினைக்கிறேன், கடிகாரம் வைத்துப் பாருங்கள்.

32 பிட் சாதனத்தில் மைக்ரோபைத்தான் சின்ன முழு எண்களைப் பாயிண்டர் இருக்கும் இடத்திலேயே, கடைசி பிட்டை அடையாளமாக வைத்துச் சேமிக்கிறது. வழக்கமான அமைப்பில் குறியையும் சேர்த்து 31 பிட் மிஞ்சுகிறது. ஆக மிகப் பெரிய சின்ன எண் 1,07,37,41,823. அதைத் தாண்டியதும் எண்ணுக்கே ஹீப்பில் இடம் வாங்க வேண்டியிருக்கிறது. ஹார்டு இன்டரப்டுக்குள் ஹீப் பூட்டப்பட்டிருக்கும். எவ்வளவு ரேம் காலியாக இருந்தாலும் மெமரி பிழைதான்.

மைக்ரோபைத்தானின் சொந்த ‘டிக்ஸ்_யுஎஸ்’ இதற்காகவே அந்த எல்லைக்குள் சுற்றித் திரும்பி வருகிறது. நீங்களும் 30 பிட்டுக்கு மாஸ்க் செய்து (மேல் பிட்டுகளை நீக்கி) தாருங்கள்; வித்தியாசம் பார்க்க ‘டிக்ஸ்_டிஃப்’ பயன்படுத்தலாம். மாஸ்க் செய்யாமல் நேராகச் சின்ன எண் மேக்ரோவில் போட்டால் பிழை வராது, மேல் பிட்டுகள் சத்தமில்லாமல் வெட்டுப்படும். அது இன்னும் மோசம்.

கேள்வி: இன்டரப்டிலிருந்து பயனர் தந்த பைத்தான் கால்பேக்கைக் (பிறகு கூப்பிடத் தந்த ஃபங்ஷனைக்) கூப்பிடலாமா?

நேராக வேண்டாம். ‘எம்பி_ஷெட்_ஷெட்யூல்’ என்ற ஃபங்ஷனிடம் ஒப்படையுங்கள், இன்டர்ப்ரெட்டர் தோதான இடத்தில் ஓட்டும். அந்த வரிசை சிறியது, இயல்பாக 4 இடம். நிறைந்திருந்தால் அந்த ஃபங்ஷன் ‘முடியாது’ என்று திருப்பும். அந்தத் திருப்பு மதிப்பைப் பாருங்கள், விடுபட்டவற்றை ஒரு எண்ணியில் எண்ணுங்கள், அந்த எண்ணைப் பயனர் படிக்க வழி செய்யுங்கள்.

கேள்வி: மாட்யூலுக்கு ஆவணம் எங்கே எழுதுவது? சி-பைத்தானில் (கணினியில் ஓடும் வழக்கமான பைத்தானில்) டாக்ஸ்ட்ரிங் என்ற உள்விளக்கம் இருக்கிறது. மைக்ரோபைத்தானில் ‘ஹெல்ப்’ போட்டால் வெறும் பெயர்கள்தான் வருகின்றன. ‘நிரலே ஆவணம்’ என்கிறார் என்னோடு வேலை செய்பவர்.

உங்கள் நண்பர் சொல்வது நிரலைப் படிக்கக் கிடைப்பவருக்குப் பொருந்தும். உங்கள் மாட்யூலைப் பயன்படுத்துபவர் கையில் இருப்பது கம்பைல் ஆன ஃபர்ம்வேர். சி மூலநிரல் கிடைத்தாலும், அவர் பைத்தான் எழுத வந்தது சி படிக்காமல் இருப்பதற்காகத்தான்.

சி-பைத்தானில் ஒவ்வொரு ஃபங்ஷனின் பதிவிலும் ஆவணத்துக்கு ஒரு இடம் உண்டு. முதல் வரியில் ஃபங்ஷனின் கையெழுத்தை (பெயரையும் ஆர்க்யுமென்ட்டுகளையும்) உரிய வடிவத்தில் எழுதினால் ‘இன்ஸ்பெக்ட்’ மாட்யூல்கூட அதைப் படித்துக்கொள்ளும். ஃபிளாஷும் ரேமும் எண்ணி எண்ணிச் செலவழிக்கும் சாதனத்தில் அந்த ஆடம்பரம் கிடையாது. மைக்ரோபைத்தான் 256 கிலோபைட் நிரல் இடத்திலும் 16 கிலோபைட் ரேமிலும் ஓடும் என்று சொல்லிக்கொள்ளும் மொழி. டாக்ஸ்ட்ரிங்கை அது வைத்துக்கொள்வதில்லை. ஆவணம் சாதனத்துக்கு வெளியேதான் இருக்க வேண்டும். வெளியே இருப்பது நிரலை விட்டு விலகிப் போவதுதான் சிக்கல்.

இதற்கு எனக்குப் பிடித்த வழி சர்க்யூட்பைத்தான் செய்வது. மைக்ரோபைத்தானிலிருந்து கிளைத்த அந்தத் திட்டத்தில், ஒட்டுப்பகுதி சி கோப்பிலேயே ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் மேலே, இரண்டு சாய்கோடும் ஒரு நிமிர்ந்த கோடும் கொண்டு தொடங்கும் சிறப்புக் கமென்ட் வரிகளில் பைத்தான் வடிவத்திலேயே கையெழுத்தும் விளக்கமும் எழுதுகிறார்கள். அந்த வரிகளை மட்டும் ஒரு ஸ்கிரிப்ட் உருவி எடுத்து, கையெழுத்தும் விளக்கமும் மட்டும் கொண்ட ஸ்டப் கோப்பாக்குகிறது. அதிலிருந்து இணைய ஆவணமும் வரும், எடிட்டரில் தானாகப் பெயர் நிரப்பவும் பயன்படும். கமென்ட் என்பதால் ஃபிளாஷில் ஒரு பைட்டும் போகாது. ஃபங்ஷனை மாற்றுகிறவர் கண்ணெதிரே ஆவணம் இருக்கும். உங்கள் சொந்த மாட்யூலுக்கு இதைச் செய்ய முப்பது நாற்பது வரி பைத்தான் ஸ்கிரிப்ட் போதும். பெரிய கருவி தேட வேண்டாம்.

எங்கே என்பதைவிட என்ன எழுதுவது என்பதில்தான் பெரும்பாலான ஆவணம் கோட்டை விடுகிறது. ‘ரீட்: தரவைப் படிக்கும்’ என்று எழுதுவதற்குப் பதில் எழுதாமலே இருக்கலாம், இடமாவது மிச்சம். சி மாட்யூலைக் கூப்பிடுபவருக்குச் சாதாரணப் பைத்தானில் எழாத சந்தேகங்கள் எழும். இது எவ்வளவு நேரம் நின்றுபோகும்? மெமரி வாங்குமா? நான் தந்த பஃபரைத் திரும்பிய பிறகும் பிடித்துவைத்திருக்குமா? இன்டரப்டுக்குள் கூப்பிடலாமா? பாதியில் பிழை வந்தால் பஃபரில் என்ன இருக்கும்? இவற்றுக்குப் பதில் சி கோப்பில் மட்டும்தான் இருக்கிறது, அதை வெளியே எடுத்து வைப்பதே ஆவணம். நான் எழுதும் பதிவு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

‘படி(பஃபர், காத்திரு=1000). துடிப்புகளின் அகலத்தை மைக்ரோசெகண்டில், ஒவ்வொன்றும் 16 பிட் குறியில்லா எண்ணாக, பஃபரில் நிரப்பும். நிரப்பிய துடிப்புகளின் எண்ணிக்கையைத் திருப்பும். பஃபர் நிறையும் வரை அல்லது “காத்திரு” மில்லிசெகண்டு முடியும் வரை நின்றிருக்கும். அந்நேரம் மற்ற பைத்தான் வேலைகள் ஓடாது. நேரம் முடிந்தால் பிழை வராது, கிடைத்த எண்ணிக்கை திரும்பும், 0 ஆகவும் இருக்கலாம். 65,535-ஐத் தாண்டிய அகலம் 65,535 என்றே பதிவாகும். ஹீப் மெமரி வாங்காது. திரும்பிய பிறகு பஃபரைப் பிடித்துவைக்காது. பஃபரின் நீளம் ஒற்றைப்படையாக இருந்தால் வேல்யூஎரர். அப்போது பஃபர் தொடப்படாது. இன்டரப்டுக்குள் கூப்பிடக் கூடாது.’

வறட்சியாக இருக்கிறதா? இருக்கட்டும். இதை எழுதும்போது ‘65,535-ஐத் தாண்டினால்?’ என்ற கேள்வி வந்து, சி கோப்பைத் திறந்து பார்த்தால் அங்கே எதுவும் செய்யாமல் விட்டிருப்பது பல முறை தெரியவரும். ஆவணத்தில் ஒரு வாக்கியம் எழுத முடியாமல் திணறினால், ஃபங்ஷனைத் திருத்துங்கள். வாக்கியத்தைப் பூசி மெழுகாதீர்கள். ‘முதல் ஆர்க்யுமென்ட் எதிர்மறையாக இருந்தால் மூன்றாவது புறக்கணிக்கப்படும், ஆனால்…’ என்று வாக்கியம் நீண்டுகொண்டே போனால் அது இரண்டு ஃபங்ஷனாகப் பிரிய வேண்டியது.

விலகல் வராமல் பார்க்க இரண்டு சோதனை வைத்திருக்கிறேன். மாட்யூலைக் கணினியிலேயே ஓடும் யூனிக்ஸ் போர்ட்டில் சேர்த்து பில்டு செய்கிறேன். வன்பொருளைத் தொடும் இடத்தில் பொய்யான ஒரு கோப்பு. அதில் மாட்யூலின் பெயர்ப் பட்டியலை எடுத்து, ஸ்டப் கோப்பின் பெயர்ப் பட்டியலோடு ஒப்பிடுகிறேன். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லை என்றால் பில்டு தோல்வி. அடுத்து, ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டுகள் எல்லாம் தனிக் கோப்புகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எதிர்பார்க்கும் வெளியீடு. மைக்ரோபைத்தானின் சொந்தச் சோதனைகளும் இப்படித்தான் வெளியீட்டை ஒப்பிடுகின்றன. எடுத்துக்காட்டு ஓடாத ஆவணத்தை வெளியிட முடியாது. யூனிக்ஸ் போர்ட்டில் ஓட்டுவதால் மெமரித் தவறுகளைப் பிடிக்கும் கம்பைலரின் அட்ரஸ் சானிடைசரும் கைகொடுக்கும். ஆனால் மைக்ரோபைத்தான் ஹீப் அதன் கண்ணுக்கு ஒரே பெரிய துண்டுதான். அதற்குள் நடக்கும் தவறு அதற்குத் தெரியாது. அங்கே மேலே சொன்ன த்ரெஷோல்டு வழிதான்.

கேள்வி: ஃபர்ம்வேரின் புதிய பதிப்புக்கு மாறினால் என் மாட்யூல் கம்பைல் ஆவதில்லை. ஒவ்வொரு முறையும் இதுதானா?

ஒவ்வொரு முறையும் இல்லை, அவ்வப்போது. சி-பைத்தானில் 2011-இல் வந்த 3.2 முதல் ‘ஸ்டேபிள் ஏபிஐ’ என்ற ஏற்பாடு இருக்கிறது. அதன் வரம்புக்குள் எழுதினால் ஒருமுறை கம்பைல் செய்தது பல பதிப்புகளில் ஓடும். மைக்ரோபைத்தானில் அப்படி ஒரு உறுதி உள்பக்கத்துக்குக் கிடையாது. மாட்யூலைப் பதிவு செய்யும் மேக்ரோவுக்கு முன்பு மூன்று ஆர்க்யுமென்ட், இப்போது இரண்டு. 2023-இல் வந்த 1.20-இல் ஆப்ஜெக்ட் வகையை அறிவிக்கும் முறையே மாறியது. லுவாவும் விதிவிலக்கு இல்லை: 5.1-இல் மாட்யூலைப் பதிவு செய்த ஃபங்ஷனை 5.2-இல் ஒதுக்கிவிட்டார்கள்.

செய்யக்கூடியது: ஒட்டுப்பகுதியைச் சின்னதாக வையுங்கள், எந்தப் பதிப்போடு சோதித்தீர்கள் என்று ஆவணத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள், இன்டர்ப்ரெட்டரின் மூலத்தை அந்தப் பதிப்பிலேயே கட்டிவையுங்கள். மாறும்போது வேண்டுமென்றே மாறுங்கள். காலையில் தானாக இழுத்து வந்த புதுப்பிப்பால் மாறக் கூடாது. ஒட்டுப்பகுதி முழுக்க ‘இஃப்’ போட்டுப் பத்துப் பதிப்புகளுக்குத் தாங்க வைக்கிறவர்களையும் பார்க்கிறேன். இரண்டுக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: முழு ஃபர்ம்வேரையும் மறுபடி எழுதாமல் மாட்யூலை மட்டும் ஏற்ற முடியுமா?

முடியும். சி-யை நேட்டிவ் கோடாக ‘.எம்பிஒய்’ கோப்புக்குள் அடைத்துச் சாதனத்தின் கோப்பு அமைப்பில் போட்டு இம்போர்ட் செய்யலாம். பிராசஸர் வகைக்கு ஒன்றாகக் கம்பைல் செய்ய வேண்டும், கோப்பின் பதிப்பு ஃபர்ம்வேரோடு ஒத்துப்போக வேண்டும், இன்டர்ப்ரெட்டர் தன் அட்டவணையில் வெளிக்காட்டும் ஃபங்ஷன்களை மட்டும்தான் கூப்பிடலாம். கணக்கு வேலைக்கு நன்றாக இருக்கும். துடிப்பு அளக்கக் கேட்ட முதல் வாசகர் போல வன்பொருள் தயாரிப்பாளர் தரும் எஸ்டிகே ஃபங்ஷன்கள் வேண்டும் என்றால், ஃபர்ம்வேரோடு சேர்த்தே பில்டு செய்துவிடுங்கள்.

கேள்வி: மாட்யூலுக்கு ‘டைம்2’ என்று பெயர் வைக்கலாமா?

வேண்டாம்.